அரிசி ட்ரம்முக்குப் பின்னால் கற்ற இங்கிலீஷ்

1993 ஆகஸ்ட் 10, செவ்வாய்க்கிழமை. காலை 5.45க்கு எழுந்தேன். அடி பம்பில் ஆறு குடம் தண்ணீர். இட்லி நான்கு, நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பு. 8.50க்குப் பள்ளிக்கூடம். மூன்றாவது பீரியட் இங்கிலீஷ். கை தூக்கினேன், டீச்சர் என்னைக் கேட்கவில்லை. 4.30க்கு வீடு. 5.30க்குச் சீனாக்காரர்கள் வந்தார்கள். வெரி குட்: பெரியவருக்கு 2, சின்னவருக்கு 1, அக்காவுக்கு 4, எனக்கு 0. காற்று தெற்கிலிருந்து.

என் முதல் டைரியின் ஒரு பக்கம் இது. உரக்கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரி. அப்பாவுக்கு எழுதும் பழக்கம் இல்லாததால் என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நான் எழுதாமல் விட்டதில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. பழைய டைரிகளை நான் எடுத்துப் பார்ப்பதும் குறைவு. போன வாரம் அலமாரியில் வேறு எதையோ தேடும்போது இந்தப் பக்கம் திறந்துகொண்டது. 'எனக்கு 0' என்று எழுதிய இடத்தில் பேனா அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பூஜ்யத்தைப் பார்த்து எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

அந்தப் பக்கத்தில் டீச்சர் என்று இருப்பது என் அம்மா.

அம்மாவோ அப்பாவோ வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டு வாசலைத் தாண்டினால் அவள் அம்மா இல்லை, டீச்சர். ஒன்றாகத்தான் நடந்து போவோம். ஆனால் பள்ளிக்கூட கேட் தெரிந்ததும் அவள் வேகமாக நடக்க ஆரம்பிப்பாள், நான் பின்தங்க வேண்டும். என் பேப்பரைக் கடைசியில்தான் திருத்துவாள். எனக்கு முழு மதிப்பெண் வந்துவிட்டால் பக்கத்து வகுப்பு சாரிடம் கொடுத்து, "இன்னொரு வாட்டி பாருங்க சார்" என்பாள். அவர் ஏதாவது ஒரு கமா விட்டுப்போனதைக் கண்டுபிடித்து ஒரு மார்க் குறைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். வகுப்பில் நான் கை தூக்கினால் அவள் பார்வை என் தலைக்கு மேலே, பின்சுவரில் தொங்கிய இந்திய மேப்பில் போய் நிற்கும். என் பெஞ்சில் இருந்தவர்கள் என்மேல் பொறாமைப்பட வேண்டியவர்கள். அவர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

வீட்டில் மட்டும் என்ன, அங்கேயும் நான் ஏதாவது வாசித்தால் "தப்பு" என்பாள். எங்கே தப்பு என்றுகூடச் சொல்லமாட்டாள், நானே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வருஷம் ஜூலை முதல் வாரத்தில் கடலோர இறால் கம்பெனியின் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேரளாக்காரர். இறால் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள மூன்று சீனாக்காரர்கள் வந்திருப்பது ஊருக்கே தெரியும். எந்தச் சீனா, பெரிய நாடா பக்கத்துத் தீவா என்று கேட்க எங்களில் யாருக்கும் தெரியாது.

"அவங்க இங்கிலீஷ் பேசறாங்க டீச்சர். ஆனா என்ன பேசறாங்கன்னு ஒருத்தருக்கும் பிடிபடல. போன வாரம் மருந்து அளவு சொல்றதுல குழப்பமாயி ஒரு தொட்டி குஞ்சு முழுக்கப் போச்சு. நீங்கதான் சரி பண்ணணும்."

உப்பளத்தில் லாரி ஏற்றும் வேலையை மேற்பார்வை பார்த்த அப்பா, அப்போதுதான் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "ஏம்பா, சீனாவுல இருந்து வந்து மரக்காணத்துல இங்கிலீஷ் கத்துக்கினு போனாங்கன்னா, இங்கிலீஷ்காரன் கப்பல் ஏறி எங்கப்பா ஓடுவான்?" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "தெனம் அஞ்சரைக்கு வரணும். ஞாயித்துக்கிழமை கிடையாது. லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்" என்றாள்.

ஜூலை 5, திங்கட்கிழமை, 5.25க்கே வந்து வாசலில் நின்றார்கள். பெரியவருக்கு ஐம்பது வயது இருக்கும். வந்த மூன்றாம் நாளே பஸ் ஸ்டாண்டு வெற்றிலைக் கடைக்காரரோடு சிநேகமாகிவிட்டவர். சின்னவர் மோட்டார் பழுது பார்க்கிறவர், விரல் இடுக்கில் எப்போதும் கிரீஸ். மூன்றாவது ஆள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். இறால் குஞ்சுக்குத் தீனியாகப் போடும் பாசியைக் கண்ணாடிக் குடுவையில் வளர்ப்பது அவள் வேலை. "அக்கான்னு கூப்புடு" என்று அம்மா சொன்னாள். டைரியில் அப்படித்தான் எழுதினேன். வாயால் ஒரு தடவையும் கூப்பிடவில்லை.

பாடம் நடக்கும்போது முன்னறைக்குள் யாரும் வரக்கூடாது என்பது உத்தரவு. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் அரிசி ட்ரம். ட்ரம்முக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. தகரமும் பழைய புழுங்கலரிசியும் கலந்த வாசனை அங்கே. திரை ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடைவெளி. அதன் வழியே அக்காவின் நாற்காலி மட்டும் தெரியும்.

அம்மா அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது வார்த்தையின் கடைசி எழுத்தை. எங்கள் வகுப்பில் நாங்கள் எல்லோரும் கடைசியில் ஒரு 'உ' சேர்ப்போம். சால்ட்டு, போட்டு, புக்கு. "வால நறுக்குங்கடி" என்று அம்மா கத்துவாள். சீனாக்காரர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கடைசி எழுத்தே வராது. சால்ட் என்பது 'சால்' என்றும் போட் என்பது 'போ' என்றும் நின்றுவிடும். எங்களிடம் வால் நறுக்கிய அம்மா அவர்களிடம் வால் முளைக்கப் பாடுபட்டாள். அதுவும் எப்படி? கத்தாமல். எங்கள் வகுப்பில் கேட்காத ஒரு குரலில், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக. பல்லுக்கு நடுவில் நாக்கு வருகிறதா என்று பார்க்க அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து அக்காவின் முகத்துக்கு முன் பிடித்தாள். வெளிச்சம் போதவில்லை என்று அக்காவின் தாடையைப் பிடித்து டியூப் லைட் பக்கம் திருப்பினாள்.

ட்ரம்முக்குப் பின்னால் நான் என் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அம்மா அதைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். கசப்பு மருந்து ஊற்றிய நாட்களைச் சேர்க்கவில்லை.

"சால்" என்றாள் அக்கா.

"ட்" என்றாள் அம்மா. "சால்ட்."

"சால்...ட" என்று ஏதோ பாதி வந்தது.

"வெரி குட்!"

பாதி வாலுக்கே வெரி குட். சில நாள் கால் வாலுக்குக்கூட. பெரியவர் 'த' வர வேண்டிய இடமெல்லாம் 'ஸ' சொல்வார். மூன்று தடவை திருத்திவிட்டு, நான்காவது தடவையும் 'ஸ' வந்தால், "பரவாயில்ல, வெரி குட்" என்பாள். அதுவும் போதாதென்று நோட்டில் சிவப்பு மையில் நட்சத்திரம். நோட்டுகள் எங்கள் அலமாரியில்தான் இருக்கும். எண்ணினேன். ஜூலை முடிவதற்குள் அக்காவின் நோட்டில் பத்தொன்பது.

அவர்கள் பேச்சில் 'அவன்', 'அவள்' இரண்டும் ஒரே சத்தமாம். அதனால் இங்கிலீஷிலும் ஆணைப் பெண்ணாக்கி விடுவார்கள். ஒரு நாள் போகும்போது சின்னவர் என்னிடம் அப்பாவைக் காட்டி, "யுவர் ஃபாதர், ஷீ இஸ் வெரி ஸ்ட்ராங்" என்றார். அப்பா இடுப்பில் கை வைத்து, "கேட்டியா, நானும் ஷீதான். இனிமே நீ போயி லாரி ஏத்து, நான் சோறாக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். என் தமாஷுக்கு அவள் இப்படிச் சிரித்ததில்லை என்று அன்றைக்கு எழுதி வைத்திருக்கிறேன். தமாஷ் செய்தது அப்பா என்பதும், சீனாக்காரர்கள் இல்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

ஜூலை 29, வியாழக்கிழமை. செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன். வாசலில் மூன்று ஜோடி செருப்பு இருந்தது. அக்காவின் நீல ரப்பர் செருப்பில் இடது கால் செருப்பை மட்டும் எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் போகும் வாய்க்காலில் விட்டேன். அது படகு மாதிரி ஆடிக்கொண்டே பாத்திகள் பக்கம் போனது. திரும்பி வந்து ட்ரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன். 6.45க்குப் பாடம் முடிந்து எல்லோரும் தேடினார்கள். "நாய்தான் இழுத்துக்கினு போயிருக்கும்" என்றார் அப்பா. அக்கா சிரித்துக்கொண்டே மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஜீப் நிற்கும் மெயின் ரோடு வரைக்கும் கருவேல முள். அம்மா உள்ளே போய், பாண்டிச்சேரியில் வாங்கி இரண்டு வாரமே ஆன தன் பழுப்புச் செருப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள். குனிந்து, வாரைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு அம்மா ஊக்கு குத்திய பழைய செருப்பில் வந்தாள். நான் கேட் வருவதற்கு முன்பே பின்தங்கிக்கொண்டேன்.

அந்த நீலச் செருப்பு செப்டம்பரில் கிடைத்தது. உப்பு வாருகிற ஒரு அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். செருப்பு முழுக்க உப்பு பூத்து, கல் கல்லாக, கண்ணாடிக் கடையில் வைக்கிற பொருள் மாதிரி மின்னியது. "டீச்சரம்மா வூட்டுதா பாரு" என்றாள். ஆமாம் என்று வாங்கிக் கோழிக் கூண்டுக்குப் பின்னால் புதைத்தேன். இந்த விஷயம் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. வானூரில் பல பள்ளிகள் சேர்ந்து இங்கிலீஷ் ஒப்புவிப்புப் போட்டி. ஒரு பக்கப் பாடம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பள்ளிக்கு இரண்டு பேர். அம்மா பட்டியல் போட்டாள். ஏழாம் வகுப்பிலிருந்து போஸ்ட்மாஸ்டர் மகள், எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெண். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. அப்போதும் என் பெயர் வரவில்லை. இரண்டாவது இடத்தைக் காலியாகவே விட்டாள்.

நானே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன்.

"என் பேரையும் சேருங்க சார்."

"உங்க டீச்சர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"சார் சொன்னா சரின்னாங்க."

இரண்டும் பொய். அவர் நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு என்ன நினைத்தாரோ, எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் அம்மாவுக்குத் தெரிந்தது. அடிக்கவில்லை. "சேத்துட்டாங்கன்னா போ. என்கிட்ட எதுவும் கேக்காத. நான் சொல்லித் தந்தேன்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றாள்.

ஊரான் பிள்ளைகளுக்கு முன்னறையில் தினமும் ஒன்றேகால் மணி நேரம். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை அப்பா பல வருஷம் கழித்துச் சொன்னார். இதற்கு முந்தைய பள்ளிக்கூடத்தில், தன் அண்ணன் மகனுக்கு மார்க் அள்ளிப் போட்டாள் என்று அம்மாமேல் மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. விசாரணை வந்தது. ஒன்றுமில்லை என்று முடிந்தது. ஆனால் அந்தக் கடுதாசி எழுதியவர் எங்கள் இந்திய மேப்புக்குப் பின்னால் எப்போதும் நிற்பதாக அம்மா நினைத்திருக்க வேண்டும். காரணம் தெரிந்த பிறகு எனக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். இல்லை. யாரோ ஒருவனுக்குப் பயந்து என்னை விட்டாள் என்றுதான் தோன்றியது.

நான் தேர்ந்தெடுத்த பாடம் அம்மா எழுதியதுதான். சீனாக்காரர்கள் வாசித்துப் பழகுவதற்காக உப்பளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். 'சால்ட் இஸ் மேட் ஃப்ரம் த ஸீ. த ஸன் டஸ் மோஸ்ட் ஆஃப் த வொர்க்' என்று தொடங்கும். உப்பு கடலிலிருந்து வருகிறது, முக்கால்வாசி வேலையை வெயிலே செய்துவிடுகிறது என்று அர்த்தம். மூன்று பேருக்கும் கார்பன் வைத்து எழுதினாள். தவறுதலாகத் தாள் ஒன்று கூடிவிட்டதில் நான்காவது பிரதி ஒன்று விழுந்தது. எழுத்து மங்கி, சாம்பல் நிறத்தில். அதை அடுப்பு மூட்டப் போட்டிருந்த காகிதங்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

எழுத்து கிடைத்துவிட்டது. எப்படிச் சொல்வது? அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. என் முறை தப்பு என்று எனக்குத் தெரியும், அம்மாவே தினமும் சொல்கிறாள். சரியான முறை எது? எதற்கு வெரி குட் கிடைக்கிறதோ அதுதான். அம்மா வரி வரியாக மெதுவாகச் சொல்லிக்கொடுப்பது திரை தாண்டி எனக்கு முழுசாகக் கேட்காது, வெரி குட் மட்டும் கணீரென்று கேட்கும். ஆனால் அவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்வது தெருவுக்கே கேட்கும். எந்த வரிக்கு எந்தக் குரலில் சொன்னபோது வெரி குட் விழுந்தது என்று மங்கல் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அக்கா சொன்னபடி பதினொரு வரி. பெரியவர் சொன்னபடி நான்கு. சின்னவர் சொன்னபடி இரண்டு. ஏறி இறங்கும் இடங்களுக்கு மேலே சின்ன மலையும் பள்ளமும் வரைந்தேன்.

காலையில் தண்ணீர் எடுத்து முடித்ததும் உப்பள வரப்பில் நின்று சொல்லிப் பார்ப்பேன். பாத்தித் தரை இறுக மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"ஏண்டி, டீச்சர் பொண்ணுக்குப் பல்லு வலியா?"

"இங்கிலீஷுடி அது."

"எந்த இங்கிலீஷு? பாதிய முழுங்குது?"

"நல்ல இங்கிலீஷுன்னா முழுங்கணும் போல. நமக்கு இன்னா தெரியும், மிதி."

எனக்கு அதுவே பாராட்டாகப் பட்டது.

ஆகஸ்ட் 28, சனிக்கிழமை. இரண்டு பஸ் மாறி வானூர் போனோம். அம்மா ஜன்னலோரம், பக்கத்தில் போஸ்ட்மாஸ்டர் மகள், அவள் பக்கத்தில் நான். எலுமிச்சைச் சாதம் மூன்று பொட்டலம். ஒரு பள்ளிக்கூடத்தின் பிரேயர் ஹாலில் போட்டி. கடைசி வரிசையில் டீச்சர்களுக்கு நாற்காலி. நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர், வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா.

என் எண் பதினேழு. மேடையில் ஏறி அம்மாவைத் தேடினேன். அவள் வழக்கம்போல என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சால் இஸ் மே ஃப்ரொ ஸ ஸீ" என்று ஆரம்பித்தேன்.

அம்மாவின் பார்வை கீழே இறங்கியது. அந்த ஒரு கணத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஸ ஸன் டா மோஸ் ஆ ஸ வொர்" என்று அக்காவின் ஏற்றத்தோடும் பெரியவரின் இறக்கத்தோடும் சொல்லிக்கொண்டே போனேன். முன்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு இன்னொருவர். பதினேழு வரியில் ஒன்றையும் மறக்காமல் சொல்லி முடித்துக் கும்பிட்டேன்.

கல்லூரி ஆசிரியர் பேனாவை மூடினார். "எந்த ஊரும்மா நீ?"

"மரக்காணம் சார்."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்கு எதற்கென்று புரியவில்லை. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

போஸ்ட்மாஸ்டர் மகளுக்கு இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். அம்மா அவள் தோளைத் தட்டி, "வெரி குட்" என்றாள். தோளில் தட்டிய அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. பஸ்ஸில் போஸ்ட்மாஸ்டர் மகள் அந்த டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் தப்பு ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அந்த டம்ளர் ஜன்னல் வழியாக விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மரக்காணத்தில் இறங்கி, அவளை அவள் வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் உப்பளப் பாதையில் நடந்தோம். வெயில் இறங்கிவிட்டது. பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறமாக இருந்தது. அம்மாவின் ஊக்குச் செருப்பு டக் டக்கென்று கேட்டது. திடீரென்று நின்றாள்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

பரிசு கிடைக்காததற்கு என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன்.

"நம்ம வூட்டுக்கு வந்து, நம்மள நம்பிப் படிக்கிறாங்க. பெரிய மனுசன் கை கட்டி உக்காந்து கத்துக்கறாரு. அவங்கள மேடையில ஏறிக் கிண்டல் பண்றியா? நாலு பேரு சிரிக்கணும்னு? அதுவும் நான் எழுதுன பாடத்துல?"

"கிண்டல் பண்ணலம்மா."

"பின்ன என்னடி அது? அப்பிடியே அந்தப் பொண்ணு குரலு. அந்தப் பெரியவரு குரலு. எங்க கேட்ட?"

"அரிசி ட்ரம்முக்குப் பின்னாடி உக்காந்து."

"எத்தினி நாளு?"

"நாப்பத்தி மூணு நாளு. உனக்கு ஜுரம் வந்த ரெண்டு நாள் பாடம் இல்ல. ரெண்டு நாள் நான் பொம்மையார்பாளையம் அத்தை வூட்டுக்குப் போயிட்டேன்."

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, கோபம் கொஞ்சம் தளர்ந்த குரலில், "சரி, கேட்ட. கிண்டல் இல்லன்னா எதுக்கு அவங்கள மாதிரியே சொன்ன?" என்றாள்.

"அவங்களுக்குத்தான நீ வெரி குட் சொன்ன" என்றேன்.

இதைச் சொல்லும்போது நான் அழவில்லை. ஒரு கணக்குக்கு விடை சொல்வது போலத்தான் சொன்னேன். அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். பக்கத்துப் பாத்தியில் ஒரு ஆள் வரப்புக் கட்டிக்கொண்டிருந்தான். "வா, இருட்டுது" என்று நடந்தாள். எப்போதையும் போல வேகமாக நடக்கவில்லை. நான் பின்தங்கப் பார்த்தபோது அவளும் தாமதித்தாள்.

மூன்று சீனாக்காரர்களும் அந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன் போய்விட்டார்கள். அக்கா அந்தப் பழுப்புச் செருப்பைக் கழுவிப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த மூன்று வருஷம் அவளிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது, கடைசி எழுத்து ஒன்றும் விடாமல் எழுதிய இங்கிலீஷில். அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்துவிடுகிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு முறையாவது, நான் அலுவலகத்திலிருந்து வந்து பையைக்கூட வைக்கவில்லை, "அந்தச் சீனாக்காரப் பொண்ணு லெட்டர் போட்டாளா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா" என்கிறேன். "நல்லா படிக்கும்" என்கிறாள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அவளுக்குச் சோறு போடுகிறவள் நான். வாரத்துக்கு ஒரு முறை எனக்கு அந்த நீலச் செருப்பு நினைவுக்கு வருகிறது.

அந்த டைரியில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஆகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை. பாடம் கிடையாத நாள். நான் 5.40க்குக் கண் விழித்தபோது முன்னறையில் டியூப் லைட் எரிந்தது. அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. மேஜையில் ஒரு தாள். உப்பளப் பாடம் முழுக்க, நீல மையில், அழுத்தமான எழுத்தில், கார்பன் வைக்காமல் எழுதியிருந்தது. பக்கத்தில் அப்பாவின் சவரக் கண்ணாடி. அம்மா பல்கூடத் துலக்காத என்னைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"படி."

"சால்..."

"தப்பு."

"சால்ட்டு..."

"தப்பு. நறுக்கு. ரொம்ப நறுக்காத. நாக்கு மேல போயி ஒட்டி வுடணும், பாரு." தன் வாயைத் திறந்து காட்டினாள். வெளிச்சம் போதவில்லை. என் தாடையைப் பிடித்து டியூப் லைட் பக்கம் திருப்பினாள். விரலில் மை ஈரம் இன்னும் காயவில்லை.

முதல் வரியைத் தாண்டவில்லை. அவள் ஏழாவது முறை தப்பு என்று சொன்னபோது உள்ளே இருந்து அப்பா, "ஏம்மா, காபி இன்னிக்கு உண்டா இல்லியா?" என்று குரல் கொடுத்தார்.

"இருங்க" என்றாள் அம்மா, என் தாடையை விடாமல்.